நாற்பத்தெட்டு கிலோ அறுநூறு கிராம்

பிப்ரவரி 4

அருமை வாலு,

நாற்பத்து நான்கு வயதுக்காரியை வாலு என்று கூப்பிட எனக்கு மட்டும்தான் உரிமை உண்டு. உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்குள் நுழைந்த அன்றே என் கைப்பையைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று சோதனை போட்டவள் நீ. நாத்தனார் வாய்த்தது இப்படியா என்று அன்றைக்கே தலையில் கை வைத்துக்கொண்டேன். நீயும் கடல் தாண்டி நீ வேலை பார்க்கும் கோட்டுத் தொழிற்சாலையும் சௌக்கியம்தானே? இங்கே உன் அண்ணன் சௌக்கியம். அவர் ஓட்டும் பஸ்ஸும் சௌக்கியம்.

இனிமேல் போன் செய்யாதே. கடிதம் எழுது. போனில் நீ மூச்சு விடாமல் பேசுகிறாய், நான் 'ம்' கொட்டிக்கொண்டே இருக்கிறேன். கடிதம் என்றால் எனக்கும் பேச முறை வரும்.

புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருக்கிறது என்று போன மாதம் சொன்னேன் அல்லவா? அப்போது ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். ஒரு புது மருந்துக்கான ஆய்வில் சேர்ந்திருக்கிறேன். இரண்டு ஊசி ஆகிவிட்டது. சம்மதப் படிவம் பதினெட்டுப் பக்கம். முழுவதும் படித்துவிட்டு, பதினோராம் பக்கத்தில் ஒரு கூட்டல் தப்பு இருக்கிறது என்று காட்டினேன். டாக்டர் அசந்துவிட்டார். "இது வரைக்கும் யாரும் பதினோராம் பக்கம் வரைக்கும் போனதில்லைம்மா" என்றார். நான் சேர்ந்த வரிசையும் பதினொன்றுதான். அங்கே எனக்குப் பெயர் கிடையாது. நோயாளி எண் பதினொன்று.

பயப்படாதே. அரை நாள் அலுவலகம் போகிறேன். கடைத் தராசுகள் இன்னும் என்னைக் கண்டால் நடுங்குகின்றன.

உன் அண்ணி

பிப்ரவரி 19

மாட்சிமை பொருந்திய தராசு முத்திரை ஆய்வாளர் அண்ணி அவர்களுக்கு,

என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தும் அதில் உடம்பைக் காணோம். பதினோராம் பக்கம் இருக்கிறது, கூட்டல் தப்பு இருக்கிறது, பயந்த தராசு இருக்கிறது. உங்களுக்கு என்ன செய்கிறது என்று ஒரு வரி இல்லை.

நேராகக் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். உங்களை வைத்து மருந்தைச் சோதிக்கிறார்களா? எலிக்குச் செய்வது போலவா? ஏற்கெனவே தேறிய மருந்து ஒன்றும் இல்லையா? அண்ணனிடம் கேட்டால், "உன் அண்ணி முடிவு பண்ணினா நான் என்ன பண்ண முடியும்? நான் பஸ்ஸைத்தான் ஓட்டறேன், வீட்டை அவதான் ஓட்டறா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

என்னைத் தொழிற்சாலையில் 'வேண்டாம் அம்மா' என்று கூப்பிடுகிறார்கள் தெரியுமா? ஒரு நாளைக்கு நானூறு கோட்டு என் மேஜைக்கு வருகிறது. தையல் பிசகினால் "வேண்டாம்" என்று தள்ளிவிடுவேன். நீங்களும் நானும் மற்றவர்களின் தப்பைக் கண்டுபிடித்தே பிழைப்பு நடத்துகிறோம். நம்மோடு குடும்பம் நடத்துகிறவர்கள் பாவம்.

உங்களுக்கு என் கையால் ஒரு கோட்டு தைத்து அனுப்பப்போகிறேன். மேஜையில் நோட்டம் விடும் கோட்டு இல்லை, நானே வெட்டி நானே தைப்பது. மார்பளவு, இடுப்பு, தோள், கை நீளம் எழுதி அனுப்புங்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்
வாலு

மார்ச் 11

அருமை வாலு,

உன் கடிதம் வந்த அன்று மழை. தபால்காரர் உறையைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். உன் கோபம் நனையாமல் வந்து சேர்ந்தது.

எலி என்று எழுதினாய். எலியிடம் யாரும் கையெழுத்து வாங்குவதில்லை. விஷயத்தைச் சொல்கிறேன், கேள். பழைய மருந்து எனக்கு இருக்கிறது, அது எல்லோருக்கும் உண்டு. அதோடு பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று கணினி சீட்டுப் போட்டுவிட்டது. எனக்கும் தெரியாது, ஊசி போடுகிற நர்சுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. எனக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. நான் கடைக்குள் நுழைந்தால் முதலில் கடைக்காரரைத் தராசிலிருந்து நாலடி தள்ளி நிற்கச் சொல்வேன். ஆசைப்படுகிறவன் கை தராசுக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது. இவர்கள் டாக்டரையே தள்ளி நிற்க வைத்துவிட்டார்கள்!

மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. எடைக்குத் தகுந்த மருந்து. அதனால் ஒவ்வொரு தடவையும் எடை பார்க்கிறார்கள். அவர்கள் தராசை முதல் நாளே பார்த்துவிட்டேன். மட்டம் சரி, முத்திரை சரி, தேதி சரி. எனக்கு ஆரம்ப எடை ஐம்பத்து நான்கு கிலோ. அதில் பத்து சதவீதம் குறைந்தால், அதாவது நாற்பத்தெட்டு கிலோ அறுநூறு கிராமுக்குக் கீழே போனால், ஊசியை நிறுத்திவிடுவார்கள். அது விதி. ஆறு வாரத்துக்குள் எடை திரும்பினால் மறுபடி சேர்ப்பார்கள், இல்லாவிட்டால் வெளியே. வெளியே போனால் எனக்கு மிச்சம் இருப்பது அந்தப் பழைய மருந்துதான். அது என்னை வெகு தூரம் கொண்டுபோகாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். எனக்கு ஒளிக்காதவர்களைப் பிடிக்கும்.

ஊசி ஏறும் அறையில் என் பக்கத்து நாற்காலிக்காரி ஒரு பேக்கரி வைத்திருக்கிறாள். முப்பத்தைந்து வயது. இரண்டு பிள்ளைகள். கை முழுக்க அடுப்புச் சூடு பட்ட தழும்பு. என்னை அக்கா என்கிறாள்.

கோட்டுக்கு அளவு கேட்டாய். போன தடவை நீ வந்தபோது சட்டைக்கு எடுத்தாயே, அதே அளவுதான். மாற்றம் ஒன்றும் இல்லை.

அன்புடன்
அண்ணி

ஏப்ரல் 2

அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படியே என்று நம்பச் சொல்கிறீர்கள், நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தை வெட்டு மேஜைப் பெண்களுக்குப் படித்துக் காட்டினேன். டாக்டரைத் தள்ளி நிற்க வைத்த இடத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். "உங்க அண்ணி போலீஸா?" என்று ஒருத்தி கேட்டாள். அதற்கும் மேலே என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை அண்ணி. ஆனால் இரவெல்லாம் பத்து சதவீதம், பத்து சதவீதம் என்றே மனசு அடித்துக்கொள்கிறது. ஒழுங்காகச் சாப்பிடுங்கள். அண்ணன் சமைத்தால் எப்படிச் சாப்பிடுவது என்று கேட்பீர்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுங்கள்.

கோட்டு இன்று பார்சலில் கிளம்புகிறது. சாம்பல் நிறம், உள்ளே நீலத் துணி. நீங்கள் சொன்ன அளவுக்கு ஒரு நூல்கூடப் பிசகவில்லை. போட்டுக்கொண்டு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். தராசில் ஏறும்போது மட்டும் கழற்றிவிடுங்கள், ஒன்றேகால் கிலோ இருக்கிறது.

வாலு

ஏப்ரல் 27

அருமை வாலு,

கோட்டு வந்தது. கச்சிதமாக இருக்கிறது. அலுவலகத்தில் எல்லோரும் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். கடையில் கிடைக்காது, நாத்தனார் வேண்டும் என்று சொன்னேன்.

ஆய்வுப் பிரிவை முதல் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் பெரிது. கீழே பஸ் நிறுத்தம் தெரிகிறது. உன் அண்ணனின் பஸ் வந்தால் இரண்டு தடவை ஹாரன் அடிக்கிறது. ஆஸ்பத்திரி பக்கம் ஹாரன் அடிக்கக்கூடாது என்று பலகை இருக்கிறது. அவருக்குப் பலகை எல்லாம் கண்ணில் படாது. நாற்காலிகள் புதிது, சாய்ந்தால் கால் தூக்கிக்கொள்கிறது. பேக்கரிக்காரிக்கு மூன்று கிலோ ஏறியிருக்கிறது. அவள் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! மறுநாள் ரத்தப் பரிசோதனைக்கு வந்தபோது எல்லோருக்கும் கேக் சுட்டுக் கொண்டுவந்தாள்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. நீ உடம்பைப் பார்த்துக்கொள். மேஜை மேல் குனிந்தே இருக்காதே, கழுத்து போய்விடும்.

அண்ணி

மே 9

தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது,

நலம். எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். டிப்போவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அடுத்த டிரிப்புக்கு இருபது நிமிடம் இருக்கிறது.

நீ அனுப்பிய கோட்டில் இரண்டு அண்ணி நுழையலாம். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். கழற்றி மடித்துப் பீரோவில் வைத்துவிட்டாள். அலுவலகத்துக்கு எல்லாம் போட்டுக்கொண்டு போகவில்லை.

வாயெல்லாம் புண். பேசினால் எரிகிறது, வார்த்தை குழறுகிறது. அதனால்தான் உன்னைப் போன் செய்யாதே என்றாள். சூப் குடிக்கிறாள். அதுவும் ஸ்பூன் கணக்கு. அதை டாக்டரிடம் சொல்கிறாள். சொல்லாததும் என்னவோ ஒன்று இருக்கிறது. எடை பார்க்கும் நாள் வந்தால் முந்தின நாளிலிருந்தே முகம் சரியில்லை. கேட்டால், "ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க" என்கிறாள்.

நான் எழுதினேன் என்று சொல்லாதே. சொன்னாலும் பரவாயில்லை.

அண்ணன்

மே 20

அண்ணி,

என் உடம்பு நன்றாக இருக்கிறது. மனசு நன்றாக இல்லை.

அண்ணன் எழுதிவிட்டார். அவரைத் திட்டாதீர்கள். முப்பது வருடத்தில் அவர் எழுதிய முதல் கடிதம் இது, அதில் ஒரு பொய்கூட இல்லை.

எனக்கு அழுகை வந்தது. அப்புறம் கோபம் வந்தது. கோபத்தில்தான் எழுதுகிறேன். என்னிடமே அளவில் பொய் சொன்னீர்களா? நீங்களா? நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது கடையில் வாங்கிய சர்க்கரையை எடை போட்டுப் பார்த்து, இருபது கிராம் குறைகிறது என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பப் போனீர்களே, அந்த நீங்களா? கடைக்காரர், "இருபது கிராம்தானேம்மா" என்றார். "இருபது கிராம் எனக்கு. எத்தனை பேர் வாங்கினாங்க?" என்று கேட்டீர்கள். வளர்ந்ததும் நானும் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். 'வேண்டாம் அம்மா' என்று என்னைக் கூப்பிடுகிறார்களே, அது உங்களால் வந்த பெயர்.

வாய்ப்புண்ணை மறைத்தீர்கள், மன்னித்துவிட்டேன். கோட்டை மறைத்தீர்கள், அதையும் மன்னித்துவிட்டேன். ஆனால் ஒரு இடம் உதைக்கிறது அண்ணி. நான் நோட்டம் பார்க்கிறவள், என் கண்ணுக்குத் தப்பாது. கோட்டில் இரண்டு பேர் நுழையும் அளவுக்கு இளைத்திருக்கிறீர்கள். பத்து சதவீதம் குறைந்தால் நிறுத்துவார்கள் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். பிறகு எப்படி இன்னும் ஊசி போடுகிறார்கள்? முதல் மாடித் தராசுக்கு மட்டம், முத்திரை, தேதி என்று மூன்று வரி எழுதினீர்கள். மூன்றாம் மாடிக்குப் போனதும் நாற்காலியைப் பற்றி எழுதினீர்கள், ஜன்னலைப் பற்றி எழுதினீர்கள், ஹாரனைப் பற்றிக்கூட எழுதினீர்கள். தராசு எங்கே?

நான் எதையும் முடிவு செய்யவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான். நீங்கள் என்ன பதில் சொன்னாலும் நான் உங்கள் வாலுதான்.

உடனே எழுதுங்கள்.

ஜூலை 3

அருமை வாலு,

ஆறு வாரம் காக்க வைத்துவிட்டேன். நீ அதற்குள் இரண்டு தந்தி போல இரண்டு கார்டு போட்டாய். இரண்டும் வந்தன. பதில் எழுத எனக்கு முகம் இல்லை. இப்போது இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். முதலில் நலம் சொல்லிவிடுகிறேன்: புண் ஆறி வருகிறது, நேற்று ஒரு முழு முட்டை சாப்பிட்டேன்.

நீ கேட்ட இடம் சரியான இடம். மூன்றாம் மாடிக்குப் போன அன்று அந்தத் தராசில் ஏறினேன். ஐம்பத்தொன்று காட்டியது. முந்தின நாள் என் அலுவலக மேடைத் தராசில் நாற்பத்தேழு. மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது உள்ளே என்னவோ நகர்ந்துவிட்டது. காலியாக இருந்தால் பூஜ்யத்தில் ஒழுங்காக நிற்கும். பாரம் ஏற ஏறக் கூட்டிக் காட்டும். பார்க்கிறவர்களுக்குச் சந்தேகமே வராது. எனக்கு ஏறி நின்ற மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. இருபத்தாறு வருடமாக இதைத்தானே செய்கிறேன்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நாற்பத்தேழு. திறந்தால் ஊசி நிற்கும். உயிர் மேல் இருந்த ஆசைதான், வேறென்ன சொல்ல? ஆசைப்படுகிறவன் கை தராசுக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று உனக்குப் பெரிதாக எழுதினேன். என் கை மட்டுமா, நானே மேலே ஏறி நின்றுகொண்டிருந்தேன்.

அன்றைக்கு எனக்குப் பின்னால் ஏறியவள் பேக்கரிக்காரி. இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, மூணு கிலோ ஏறிட்டேன்! மருந்து வேலை செய்யுதுக்கா!" என்றாள். மனக்கணக்குப் போட்டேன், அவள் இரண்டு கிலோ இறங்கியிருக்கிறாள். "ரொம்ப சந்தோஷம்மா" என்றேன். மறுநாள் அவள் கொண்டுவந்த கேக்கையும் வாங்கினேன். வாய்ப்புண் என்று சொல்லி, தின்னாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டேன். அந்தக் கேக் காய்ந்து கல்லாகும் வரைக்கும் மேஜையிலேயே இருந்தது.

உன் கடிதம் வந்தது. சர்க்கரைக் கடையை ஏன் ஞாபகப்படுத்தினாய்? இரண்டு வாரம் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் பதினெட்டாம் தேதி பேக்கரிக்காரி அடுப்புக்கு முன்னால் மயங்கி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எடை நல்லாதானே ஏறியிருக்கு, சாப்பாட்டுல குறை இருக்காது" என்று இன்னொருத்தியிடம் சொன்னாள். அவளைப் பார்க்கப் போயிருந்த நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எத்தனை பேர் வாங்கினாங்க என்று கேட்டவள் நான்தானே?

மறுநாள் காலை அலுவலகத்திலிருந்து நான்கு பத்துக் கிலோ சோதனைக் கற்களைக் கையெழுத்துப் போட்டு எடுத்தேன். உன் அண்ணன் லீவு போட்டுவிட்டு வந்து தூக்கினார். "இதனால உனக்கு என்ன ஆகும்?" என்று மாடிப்படியில் கேட்டார். சொன்னேன். கற்கள் இருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு மறுபடி தூக்கிக்கொண்டு மேலே ஏறினார். இந்த மனுஷனை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன் வாலு! அந்தப் படிக்கட்டில் அவர் பின்னால் ஏறும்போது எனக்கு வந்த பெருமை கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

"அம்மா, இன்னிக்கு உங்க முறை இல்லையே?" என்றாள் நர்ஸ்.

"இன்னிக்கு நான் பேஷண்ட் இல்லைம்மா. நாலடி தள்ளி நில்லுங்க" என்று அடையாள அட்டையைக் காட்டினேன். தலையில் முடி இல்லை, பேச்சில் குழறல், ஆனால் அட்டையில் இருந்த படம் கம்பீரமாக இருந்தது. அவள் தள்ளி நின்றாள்.

இரண்டு கல் வைத்தேன். இருபத்தொன்று எழுநூறு. நான்கு கல் வைத்தேன். நாற்பத்து மூன்று நானூறு. ஊசி ஏறிக்கொண்டிருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். கல்லை இறக்கிவிட்டு நான் ஏறினேன். ஐம்பத்தொன்று.

"இப்ப என் நிஜ எடையைக் கணக்குப் போடுங்க."

போட்டாள். முகம் மாறிவிட்டது. "நாப்பத்தேழு... அம்மா, அப்படின்னா உங்களுக்கு ஊசி..."

"நிறுத்தணும். தெரியும்."

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"ரெண்டு மாசமா. அதையும் எழுதிக்கோங்க."

தராசின் மேல் 'பயன்படுத்தத் தகுதியற்றது' என்று சிவப்புச் சீட்டு ஒட்டினேன். டாக்டர் ஓடி வந்தார். "உங்களைத் திட்டறதா கும்பிடறதான்னு தெரியலைம்மா" என்றார். முதலில் திட்டுங்கள், அதுதான் பாக்கி இருக்கிறது என்றேன். நன்றாகத் திட்டினார். எனக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் இருந்தவர்களுக்கும் ஆபத்து என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். இரண்டு மாதத்து எடைகள் எல்லாவற்றையும் குறிப்போடு திருத்திவிட்டார்கள், மேலே உள்ள குழுவுக்கும் எழுதிவிட்டார்கள். எல்லோருக்கும் மருந்தளவு மறுபடி கணக்கிட்டார்கள். பேக்கரிக்காரிக்குக் குழாய் வழியாகச் சத்து ஏற்றுகிறார்கள். அவளிடம் போய் நடந்ததை என் வாயால் சொன்னேன். அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள்தான், "அக்கா, தண்ணி எடுத்துக் குடுங்க" என்றாள்.

ஜூன் இருபத்து நான்காம் தேதி போட வேண்டிய என் ஊசியை நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து ஆறு வாரம். ஆகஸ்ட் ஐந்தாம் தேதிக்குள் நாற்பத்தெட்டு அறுநூறு வரவேண்டும்.

புதுத் தராசு வந்தது. நானே சோதித்து நானே முத்திரை போட்டேன். அடுத்த சோதனைத் தேதி என்று ஒரு கட்டம் இருக்கும். சரியாக ஒரு வருடம் தள்ளி எழுதினேன்.

இதோடு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். என் மார்பளவு, இடுப்பு, தோள், கை நீளம். இன்று காலை எடுத்தது. கீழே அலுவலக முத்திரை இருக்கிறது, பார்த்துக்கொள்.

அண்ணி

ஜூலை 15

என் அண்ணிக்கு,

எல்லோரும் நலம், நான் மட்டும் இரண்டு நாளாகக் கண்ணீரும் சிரிப்புமாகத் திரிகிறேன்.

உங்கள் கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. இந்தத் தடவை கை தட்டல் வேண்டாம் என்று தோன்றியது. இரண்டு மாதம் நீங்கள் பேசாமல் இருந்ததை நினைத்துக்கொண்டே நேற்று ஒரு பிசகிய கோட்டைத் தள்ளாமல் விட்டுவிட்டேன். அந்தப் பேக்கரிக்காரிக்கு ஏதாவது ஆகியிருந்தால்? அதையும் நினைத்துப் பார்த்தேன். ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் எல்லோர் முன்னாலும் ஏறி நின்றீர்களே! உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த கயிற்றை நீங்களே அவிழ்த்துக் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். என் அண்ணி என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதி இருக்கிறதா என்று யோசிக்கிறேன்.

யோசித்தது போதும். சாப்பாட்டுக்கு வருவோம். அண்ணனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். இரண்டு மணிக்கு ஒரு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. பாலில் முட்டையை அடித்து, உருளைக்கிழங்கை மசித்து, வெண்ணெயை ஒளிக்காமல் போட்டு. "எனக்கு வேண்டாம்" என்று நீங்கள் சொல்லக்கூடாது. அது என் வார்த்தை.

சீட்டு கிடைத்தது. எண்களைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து துணியை வெட்டினேன். முத்திரை போட்ட அளவுக்குப் புதுக் கோட்டு அனுப்புகிறேன். உடம்போடு ஒட்டி நிற்கும். ஆனால் பக்கவாட்டில் உள்ளே நிறையத் துணி மடித்து விட்டிருக்கிறேன். இரண்டு வரிசைத் தையல் போட்டிருக்கிறேன். உடம்பு தேறினால் முதல் வரிசையைப் பிரியுங்கள். இன்னும் தேறினால் இரண்டாவது. தொழிற்சாலையில் யாராவது இப்படித் துணியை வீணடித்திருந்தால் தள்ளியிருப்பேன்.

வாலு

ஆகஸ்ட் 6

அருமை வாலு,

நேற்று போனேன். கோட்டை உன் அண்ணனிடம் கொடுத்துவிட்டு, செருப்பையும் கழற்றிவிட்டு ஏறினேன். நான் முத்திரை போட்ட தராசு. கெஞ்சினாலும் ஒரு கிராம் தராது. அதற்கு என் குணம்.

முந்தின வாரம் நாற்பத்தெட்டு இருநூறு. உன் அண்ணன் அதன் பிறகு ரோட்டைப் பார்த்து ஓட்டவில்லை, என் தட்டைப் பார்த்துத்தான் ஓட்டினார். உருளைக்கிழங்கைக் கண்டாலே இப்போது எனக்கு ஓடத் தோன்றுகிறது.

எண் ஓடியது, நின்றது. நர்ஸ் வாய்விட்டுப் படித்தாள். "நாப்பத்தெட்டு தொள்ளாயிரம்." பேக்கரிக்காரி சக்கர நாற்காலியில் இருந்தாள். "இது நிஜம்தானே அக்கா?" என்றாள். "முத்திரையைப் பாரு" என்றேன். தராசு விஷயத்துக்குப் பிறகு அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

அடுத்த ஊசி திங்கட்கிழமை. குறைந்த அளவில் ஆரம்பிக்கிறார்கள். அது புது மருந்தா உப்புநீரா என்று இப்போதும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். வாய் ஆறிவிட்டது. இருந்தாலும் நீயே பேசு, நான் 'ம்' கொட்டுகிறேன்.

அண்ணி

அடுத்த வருடம், ஜூன் 26

அருமை வாலு,

வாரா வாரம் போனில் பேசுகிறோம். ஆனால் இதைக் கடிதத்தில்தான் சொல்ல வேண்டும் என்று நான்கு நாளாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். நீ நலமாக இருப்பாய், ஞாயிற்றுக்கிழமைதான் கேட்டேன்.

பேக்கரிக்காரி போன மாதம் போய்விட்டதைச் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று. கடைசி வரைக்கும் அவள் ஒரு எடையையும் தவறவிடவில்லை. நிற்க முடியாத நாட்களில் நாற்காலியோடு ஏற்றி, நாற்காலியின் எடையைக் கழித்தோம். "என்னை ஏமாத்தின தராசு போயிடுச்சு. இது என்ன சொல்லுதோ அதை எழுதுங்க. பின்னால வர்றவங்களுக்கு வேணும்" என்றாள். அவள் பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். பெரியவன் தலையை நிமிர்த்திக்கொண்டான்.

பாதி ஆட்களின் கணக்கைத் தனிக் குழு ஒன்று எடுத்துப் பார்த்திருக்கிறது. ஆய்வு தொடரலாம் என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் அந்த அறிக்கையின் ஒரு பக்கத்தை எனக்குக் காட்டினார். எடை பற்றிய இடத்தில் பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு: 'எடைக்கருவியில் இருந்த பிழையை நோயாளி எண் பதினொன்று கண்டறிந்து தெரிவித்ததன் பேரில் இந்த எண்கள் திருத்தப்பட்டன.' என் பெயர் இல்லை. இரண்டு மாதம் வாயை மூடியிருந்ததும் அதில் இல்லை. அதையும் சேருங்கள் என்றேன். "கோப்புல இருக்கும்மா, போதும்" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அந்த ஒரு வரியை உன் அண்ணனுக்கு நான்கு தடவை சொன்னேன். நான்காவது தடவை அவர் பயணிகள் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

என் கல்லீரலில் இருந்தவற்றில் ஒன்று சுருங்கியிருக்கிறது. இரண்டு அப்படியே இருக்கின்றன. போகவில்லை, வளரவும் இல்லை. அடுத்த ஸ்கேன் படம் செப்டம்பரில்.

நான்கு நாளைக்கு முன்னால் மூன்றாம் மாடித் தராசுக்குத் தேதி வந்தது. கற்களை உன் அண்ணன்தான் தூக்கினார். நாற்பதுக்கு நாற்பது காட்டியது. முத்திரை போட்டேன், அடுத்த தேதி எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். கிளம்பும்போது கோட்டின் பொத்தானைப் போடப் பார்த்தேன். போட முடியவில்லை. இழுத்துப் பார்த்தேன், அப்போதும் முடியவில்லை. அந்த நர்ஸ் பெண் ஓடி வந்து, "ஏம்மா அழறீங்க?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலமே உன் அண்ணன் கோட்டை விரித்துப் பிடித்துக்கொள்ள, முதல் வரிசைத் தையலைப் பிரித்துவிட்டேன். நூலை உறையில் வைத்திருக்கிறேன், பார். இரண்டாவது வரிசை இருக்கிறது. அதைப் பிரிக்க நீயே வா.

உன் அண்ணி